வாயாடி உறங்கும் மாதங்கள்

பக்கத்து வீட்டுக் கப்பல்காரருக்குக் கொஞ்சமாகச் சமைக்கத் தெரியாது. வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் கூடை காலியாகிற வரை எழுந்திருக்க மாட்டார். சரக்குக் கப்பலின் சமையற்கட்டில் ஆயுசில் பாதியைக் கழித்த மனிதர். ஒரு கப்பல் ஆட்களுக்குப் பொங்கிப் போட்ட கை, வீட்டில் இரண்டு பேர்தான் என்றால் அடங்குமா? அவர் வேலையை விட்டு ஒரேயடியாக வீடு வந்து சேர்ந்த வருஷம் எங்கள் தெருவில் பாதி வீட்டில் மதியம் அடுப்பு பற்ற வைத்ததில்லை. கொல்லைச் சுவருக்கு மேலே ஒரு கை நீளும். கையில் மூடி போட்ட பாத்திரம் இருக்கும்.

"இந்தாம்மா, கொஞ்சம் சூப்பு. சுடுது, பார்த்துப் பிடி."

"என்னண்ணே, நேத்து குடுத்ததே இன்னும் கிடக்கு."

"நேத்து சூப்பு நேத்தோட போச்சு. கீழ ஊத்து. என் சமையலைப் பழசாக்கித் தின்னா எனக்குக் கோபம் வரும்."

சத்தமாகத்தான் பேசுவார். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. அவர் வீட்டு ரகசியம் எதுவும் எங்கள் வீட்டுக்கு ரகசியமில்லை. நான் ஒட்டுக் கேட்டதாக யாரும் சொல்ல வேண்டாம். காதைப் பொத்திக்கொண்டு துணி காயப்போட முடியாது.

அவர் மனைவியைத் தெருவில் எல்லாரும் பொத்தான் அக்கா என்போம். சட்டை தைக்கிற கம்பெனியிலிருந்து மூட்டையாகச் சட்டைகளை வாங்கி வந்து, பொத்தான் துளை போட்டு, பொத்தான் வைத்துத் திருப்பிக் கொடுக்கிற வேலை. பின்பக்க ஜன்னலோரம் அவளுடைய மிஷின். காலையில் மிதிக்க ஆரம்பித்தால் வெளிச்சம் போகிற வரை மிதிப்பாள். வாயில் எப்போதும் இரண்டு பொத்தான்கள் இருக்கும். அதனாலேயே பேச்சு குறைந்துபோனதோ, பேச ஆளில்லாததால் வாயில் பொத்தான் வைக்கப் பழகினாளோ தெரியாது. மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். புருஷன் வருஷத்தில் வறண்ட மாதங்களில் மட்டும் வருவார். கப்பலைக் கரையேற்றிப் பெயின்ட் அடிக்கிற காலம் அது. மழை தொடங்குமுன் கப்பல் கிளம்பிவிடும், அவரும் கிளம்பிவிடுவார். கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் கணக்கு.

அவள் ஒரு சின்னச் சட்டியில் தனக்கு மட்டும் வைத்துத் தின்று பழகியவள். அவருக்கோ அண்டா வேண்டும். இரண்டு பேருக்கு அளந்து சமைக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் யாருமில்லை.

வாயாடியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வாயாடி ஒரு செடி.

ரயில் பாதையோரம் முன்பெல்லாம் மழைக்கு நிறைய முளைக்கும். நர்சரியில் கேட்டால் கிடைக்காது, பெயர் கேட்டாலும் யாருக்கும் தெரியாது. முழங்கால் உயரம். நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் ஒரு நிறத்தில் பூ. மேலுதடு கீழுதடு என்று பிளந்து, நடுவில் ஒரு மஞ்சள் கீற்றோடு, இப்போதுதான் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருக்கும். காலையில் திறந்து, வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். பொத்தான் அக்கா அதைக் கொல்லைக்குக் கொண்டுவர என்ன பாடு பட்டாள் என்று எனக்குத் தெரியும். பூத்த செடியைப் பிடுங்கி வந்து நட்டாள், செத்துப்போனது. மறுபடியும் நட்டாள், மறுபடியும் செத்தது. பிறகு விதைக்குக் காத்திருந்தாள். காய் முற்றினால் பட்டென்று வெடித்துச் சிதறிவிடும். அதற்கு முன்னால் ஒவ்வொரு காயிலும் கந்தல் துணியைக் கட்டி விதை பிடித்தாள். பிடித்த கையோடு மண்மேல் தூவ வேண்டும், ஆழப் புதைத்தால் முளைக்காது. எருப் போட்டால் இலையாகக் கொழுத்துப் பூக்காமல் ஏமாற்றிவிடும். முதல் மழைக்கு இரண்டே இலை காட்டிவிட்டு உள்ளே போய்விட்டது. அடுத்த மழைக்கு நாலைந்து இலை. அதற்கடுத்ததில்தான் பூத்தது. அன்றைக்கு அவள் மிஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். வாயில் பொத்தான் இல்லாமல் அவளை நான் பார்த்தது அன்றுதான்.

"பாரேன், எப்படி வாயைத் திறந்துட்டு நிக்குதுன்னு. சரியான வாயாடி."

சுற்றிலும் செங்கல்லை வட்டமாக வைத்தாள். ஜன்னலில் உட்கார்ந்தால் நேரே தெரிகிற இடம். மழைக்காலம் முழுக்க அவள் மிஷின் மிதித்துக்கொண்டே அதோடு பேசுவாள். துணி வந்ததா, மகள் கூப்பிட்டாளா, முட்டி வலிக்கிறதா, எல்லாம் அதற்குத் தெரியும். மழை விட்டு மண் காய ஆரம்பித்ததும் செடி பழுத்து, சருகாகி, தடம் தெரியாமல் போய்விடும். வேர் மட்டும் விரல் தடிமனில் கீழே உறங்கும். வட்டமாக வைத்த செங்கல்லும் நடுவில் வெறும் மண்ணும் மிஞ்சும். அந்த நேரம் பார்த்துத்தான் கப்பல்காரர் பெட்டியோடு வந்து இறங்குவார். அந்தச் செங்கல் வட்டத்தை, வெந்நீர் அடுப்புக்குப் போட்டு வைத்த கல் என்று அவர் வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தாராம்.

வேலையை விட்டு வந்த புதிதில் மனிதருக்குக் கை பரபரவென்று இருந்தது. கதவுக்கு எண்ணெய் போட்டார். மகளின் பழைய சைக்கிளைக் கழற்றி மாட்டினார். கடைசியில் கொல்லை கண்ணில் பட்டது. அக்கா துணி மூட்டையோடு கம்பெனிக்குப் போயிருந்தாள். நான் பேக்கரியில் காலை ஷிப்ட் முடிந்து வீடு வந்தபோது, அவர் வெற்று மேலோடு குழாயடியில் நின்று மண்வெட்டியையும் சல்லடையையும் கழுவிக்கொண்டிருந்தார். சேறு கற்களின் இடுக்கில் வடிந்து போய்க்கொண்டிருந்தது.

"பார்த்தியாம்மா, மண்ணு எப்படி இருக்கு! கேக் மாவு மாதிரி!"

கொல்லை முழுவதையும் கொத்தியிருந்தார். கொத்தினதோடு விடவில்லை. சமையல்காரர் அல்லவா, மண்ணைச் சல்லடையில் சலித்திருந்தார்.

"என்னமோ கிழங்கு கிழங்கா ஒரு களைம்மா. விரல் தண்டிக்கு. ஒண்ணு விடலையே. சலிச்சுப் பொறுக்கிச் சாக்குல கட்டி, இப்பத்தான் குப்பை வண்டில ஏத்தினேன். இங்க தக்காளி வைக்கப்போறேன். உங்க அக்கா வந்து பார்த்தா அசந்துடுவா."

 செங்கற்கள் சுவரோரம் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வண்டி போன திசையைக் கேட்டுத் தெருமுனை வரை ஓடிப் பார்த்தேன். எந்த வண்டியும் இல்லை.

அக்கா வந்தாள். மூட்டையை இறக்கவில்லை. பின்வாசலில் நின்று பார்த்தாள். அவர் ஏதேதோ சொன்னார், எந்த வரிசையில் எத்தனை தக்காளி என்று கையால் கோடு போட்டுக் காட்டினார். அவள் "ம்" என்றாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மிஷின் சத்தம் கேட்டது. திட்டியிருக்கலாம், பாத்திரத்தையாவது போட்டு உடைத்திருக்கலாம். எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது.

தக்காளி சும்மா சொல்லக்கூடாது, பிய்த்துக்கொண்டு வளர்ந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மிஷினை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தி, சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். கேட்டதற்குப் பதில் உண்டு, அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மனிதர் பாத்திரத்தோடு சுவருக்கு வந்தவர், அதைக் கொடுக்க மறந்து நின்றார்.

"ஏம்மா, உங்க அக்காவுக்கு என்மேல என்ன கோபம்? நான் வீட்ல இருக்கிறதே அவளுக்குப் பிடிக்கலையோ?"

சொன்னேன். யாராவது சொல்லத்தானே வேண்டும்.

"செடியா? எந்தச் செடி? அங்க ஒண்ணுமே இல்லையேம்மா, வெறும் மண்ணு!"

"இப்ப இருக்காதுண்ணே. உள்ள தூங்கும். மழைக்குத்தான் எழுந்திரிக்கும்."

"அப்ப அந்தக் கிழங்கு..."

"அதேதான்."

அவர் பாத்திரத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று மாலை மகளுக்குப் போன் போட்டுப் பேசியது எனக்குக் கேட்டது. அவள் பேசுவதையும் கேட்கும்படி வைத்திருந்தார்.

"ஐயோ அப்பா, வாயாடியையா? எப்படிப்பா கை வந்தது?"

"எனக்குத் தெரியாதேம்மா. நான் பார்த்ததே இல்லையே. எப்படி இருக்கும் அது?"

"நீலமா இருக்கும்ப்பா. நீலம்னும் சொல்ல முடியாது..." என்று இழுத்தாள் மகள். "சின்னதுல அப்பா எப்ப வருவாருன்னு கேட்டு நான் அழுவேன். அம்மா என்னைக் கொல்லைக்குத் தூக்கிட்டுப் போய்க் காட்டுவாங்க. வாயாடி வாயை மூடிட்டுத் தூங்கப் போகுமில்ல, அப்ப வருவாருன்னு. நான் தினம் போய்ப் பார்ப்பேன், அது எப்பச் சாகும்னு. அம்மாவுக்கு அது செத்தாலும் கஷ்டம், நீங்க வரலைன்னாலும் கஷ்டம்."

மறுநாள் காலை அவர் மிஷின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். பின்கதவு திறந்திருந்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்ல?"

மிஷின் நின்றது. "போன்ல நமக்குக் கிடைக்கிறதே கொஞ்ச நேரம். பிள்ளைக்குக் காய்ச்சலு, கூரை ஒழுகுது, தண்ணி வரலைன்னு அதுக்கே சரியாப் போயிடும். இதுல செடி பூத்திருக்குன்னு சொன்னா நீங்க சிரிக்க மாட்டீங்களா?"

"நான் ஏன் சிரிக்கிறேன்?"

"சிரிப்பீங்களா மாட்டீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்ககூட நான் எத்தனை நாள் இருந்திருக்கேன்?"

 அவள் அடுத்த சட்டையை எடுத்தாள், திரும்பவும் கீழே வைத்தாள்.

"நீங்க இருந்தா அது இருக்காது. அது இருந்தா நீங்க இருக்க மாட்டீங்க. இந்த வருஷம்தான் ரெண்டையும் ஒண்ணாப் பார்க்கலாம்னு ஆசைப்பட்டேன். போகட்டும், விடுங்க."

அவர் விடவில்லை. தினமும் மதியச் சமையலை முடித்துவிட்டு ரயில் பாதையோரம் போனார். அங்கே இப்போது மதில் எழுப்பிவிட்டார்கள். மதிலுக்கு வெளியே, வாய்க்கால் கரையில், பழைய கிடங்குக்குப் பின்னால் என்று தேடினார். இலையும் பூவும் இல்லாத காலத்தில் என்னவென்று தேடுவது? கண்ணில் பட்ட வேரையெல்லாம் தோண்டிக் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து, கழுவித் துடைத்து, வரிசையாக அடுக்குவார். அவள் மிஷினிலிருந்து எழுந்து வந்து பார்ப்பாள்.

"இதுவா?"

"இல்ல."

"இது? இது அதே மாதிரி விரல் தண்டிக்கு இருக்கு பாரு."

"இது கோரை."

அவள் எரிச்சலில்லாமல்தான் சொல்வாள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, முகர்ந்துகூடப் பார்த்துவிட்டுச் சொல்வாள். பிறகு அவர் பேப்பரோடு சுருட்டி வெளியே போடுவார்.

மழை வரப்போகிறது என்று காற்று மாறிய அன்று அவர் தக்காளிச் செடி எல்லாவற்றையும் காயோடு பிடுங்கிவிட்டார். தெருவில் நாங்கள் எல்லாரும் பச்சைத் தக்காளியாகத் தின்று தீர்த்தோம். செங்கல்லை எடுத்துவந்து, அவளைக் கேட்டுக் கேட்டு அதே இடத்தில் வட்டமாக வைத்தார். ஒரு துண்டு வேராவது சல்லடைக்குத் தப்பியிருக்காதா என்ற நப்பாசை.

மழை பெய்தது. கொல்லையில் முளைக்கத் தொடங்கியது. எது எது என்று தெரியாததால் அவர் ஒரு களையைக்கூடப் பிடுங்கவில்லை, அடுத்தவரையும் பிடுங்க விடவில்லை. புல் முழங்காலைத் தொட்டது, கொடி சுவரேறி எங்கள் பக்கம் வந்தது. கப்பல்காரர் காடு வளர்க்கிறார், அடுத்தது கரடி வாங்கப்போகிறார் என்று தெருவில் கேலி. அவர் பொருட்படுத்தவில்லை. விடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு புதிதாக முளைத்தவற்றின் முன்னால் குந்தி உட்காருவார்.

"இந்தா, கொஞ்சம் வந்து பாரேன். இதுவா?"

அவள் முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு வந்து குனிவாள்.

"இல்ல."

"இது சிவப்பா இருக்கே? மக சொன்னா, முளைக்கறப்ப சிவப்பா இருக்கும்னு."

"இலையை மடிச்சுக் கைகூப்பின மாதிரி வரும். இது வேற."

ஒரு விஷயம் நான் கவனித்தேன். மிஷின் மறுபடியும் ஜன்னலோரத்துக்கு வந்திருந்தது. காலையில் அவர் கூப்பிடுமுன்னே அவள் பின்வாசலில் வந்து நிற்க ஆரம்பித்திருந்தாள். "இதுவா", "இல்ல" என்ற இரண்டு வார்த்தைதான். ஆனாலும் அவர்கள் தினமும் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் கப்பலிலிருந்து போன் வந்தது. இவர் இடத்துக்கு வந்த சமையல்காரன் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டானாம். இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் வர முடியுமா என்று கேப்டனே கேட்டாராம். மனிதர் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பொய் சொல்லி மறைக்க மாட்டேன். அன்று சூப்பில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது.

"என்ன சொல்ற? போகட்டுமா?" என்று அவளைக் கேட்டார்.

"உங்க இஷ்டம்."

"இங்க நான் இருந்து என்ன பண்றேன், சொல்லு. ஆக்கிப் போட்டா திங்க ஆளில்ல. தொட்டதெல்லாம் கெட்டுப்போகுது. அங்கேன்னா என் சோத்துக்குப் பத்துப் பேர் தட்டோட நிப்பானுங்க."

"போங்க."

"அது மட்டும் முளைச்சிருந்தா நான் போயிருக்க மாட்டேன். சத்தியமா. அதைப் பார்த்துட்டு இங்கேயே உட்கார்ந்திருப்பேன்."

அவள் வாயில் பொத்தான் இருந்தது.

கிளம்புகிற அன்று காலையில் மழை விட்டிருந்தது. நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் புறப்பாட்டுச் சட்டையோடு, பாட்டிலில் தண்ணீர் பிடிக்கக் கொல்லைக் குழாயடிக்கு வந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். பாட்டில் நிறைந்து வழிந்தது.

"ஏய், இங்க வாயேன்."

அவள் வந்தாள். குழாயடியில், மண்வெட்டி கழுவிய கற்களின் இடுக்கில், சிவப்பாக இரண்டு இலை கைகூப்பிக்கொண்டு நின்றது. சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே எனக்குத் தெரிந்தது. எத்தனை மழைக்காலம் பார்த்தவள் நான்.

"இதுவா?"

அவள் குனிந்து பார்த்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள். வாசலில் பெட்டி தயாராக நின்றது, வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான்.

"இல்ல," என்றாள்.

இதுதான் என்று எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள், விழுங்கிக்கொண்டேன். அவர் பாட்டிலை மூடினார். "சரி, எனக்குக் கொடுத்து வைக்கல," என்று சிரித்தார். வண்டி தெருமுனை திரும்புகிற வரை அவள் வாசலில் நின்றாள். பிறகு கொல்லைக்கு வந்து, குழாயடியில் உட்கார்ந்து அழுதாள். நான் சுவரேறிக் குதித்துப் போனேன். இந்த வயதில் அதெல்லாம் செய்யக் கூடாது.

"பைத்தியமாக்கா உனக்கு? இதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பாரே!"

"எதைப் பார்த்து இருந்திருப்பாரு?" அவள் முகத்தைத் துடைத்தாள். "இதைப் பார்த்துத்தானே? இது நாலு மாசத்துல படுத்துரும். அன்னைக்கு எதைக் காட்டி அவரை நிறுத்துவேன்? என்னைப் பார்த்து இருக்கணும்னு நினைச்சேன். அது தப்பா?"

 

செங்கல் வட்டம் குழாயடிக்கு மாறியது. அது முழு வேர் அல்ல, ஒரு துண்டு. பூக்காது என்று அவளே சொன்னாள். ஆனால் மழை முடிகிற சமயத்தில் ஒரே ஒரு தண்டு விட்டு, அதில் ஒரே ஒரு பூ வந்தது. ஜன்னலிலிருந்து அந்த இடம் தெரியாது. அவள் மடியில் சட்டையை வைத்துக்கொண்டு, கையாலேயே பொத்தான் தைத்தபடி குழாயடிக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். செடியோடு அவள் பேசியதாகத் தெரியவில்லை. நான் என் போனில் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கப்பல் நடுக்கடலில் இருந்தது. அவர் எப்போதாவது கூப்பிட்டால், சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதற்குள் லைன் போய்விடும். தெருவில் மறுபடியும் எல்லா வீட்டிலும் அடுப்பு பற்ற வைத்தார்கள்.

பூ மூடியது. இலை பழுத்தது. குழாயடி வெறும் மண்ணானது.

அவர் பெட்டியோடு வந்து இறங்கினார். சட்டையைக் கழற்றிவிட்டு முகம் கழுவக் கொல்லைக்கு வந்தவர், குழாயடியில் செங்கல் வட்டத்தைப் பார்த்தார். நடுவில் ஒன்றும் இல்லை. அவர் குந்தி உட்கார்ந்து அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லாத மண்ணில் அவ்வளவு நேரம் என்ன பார்ப்பார்களோ, அதையெல்லாம் பார்த்தார். அவள் பின்வாசலில் வந்து நின்றாள்.

"அன்னைக்கு நான் காட்டினது இதுதானா?"

"ஆமா."

"ஏன் இல்லைன்ன?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்கன்னு எனக்குச் சொல்லத் தெரியல. சொல்லிப் பழக்கமில்ல."

"ஒரு தடவை சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஒரு தடவை கேட்காம இருந்திருக்கலாமே. போகட்டுமா போகட்டுமான்னு."

 வழக்கமாகக் கத்துகிற மனிதர், அடுத்ததை எனக்குக் கேட்காத குரலில் சொன்னார். நானும் கேட்க முயலவில்லை, கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

நான் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். அன்றிலிருந்து கப்பல்காரர் கை கழுவ, கால் கழுவ, பாத்திரம் அலம்ப எல்லாவற்றுக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் குழாய்க்குத்தான் போகிறார். சமைக்கிற பாத்திரம் முன்பைவிடச் சின்னது. எங்களுக்குச் சூப்பு வருவது நின்றுபோனது. கப்பல் பெயின்ட் அடித்து முடித்து, இவர் இல்லாமலே கிளம்பிப் போயும் விட்டது என்று கேள்வி. மழைக்கு இன்னும் நாளிருக்கிறது.